ஆறாம் நம்பர் கடையை என் மகளுக்குத் தர வேண்டாம் என்பது பற்றி

கறம்பக்குடி,
ஆவணி 9, திங்கட்கிழமை.

அன்பும் மரியாதையும் நிறைந்த மாப்பிள்ளை சோலையப்பன் அவர்களுக்கு, மச்சான் நாகராசு எழுதுவது. இங்கே நானும் சொர்ணவல்லியும் பேத்தியும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். சிங்கப்பூரில் நீங்களும் என் தங்கை செல்வராணியும் பிள்ளைகளும் அதேபோல் இருக்க வேண்டும். மழைதான் இன்னும் வரவில்லை.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் உங்கள் போனை முதலில் எடுத்துப் பார்ப்பது செல்வராணி. அவள் பார்த்த பத்தாவது நிமிடம் என் மகள் தேவிப்ரியாவுக்குத் தெரிந்துவிடும். அத்தையும் மருமகளும் ஒரே கட்சி. அதனால்தான் உங்கள் கம்பெனி விலாசத்துக்கு எழுதுகிறேன். படித்ததும் கிழித்துவிடவும்.

விஷயம் இதுதான். புதுக்கோட்டை ரோட்டில் எனக்கும் செல்வராணிக்கும் பாதிப் பாதியாக வந்த இடத்தில் ஆறு கடை கட்டினோம் இல்லையா, அதில் ஐந்து ஓடுகிறது. ஆறாம் நம்பர் கடை காலியாக இருக்கிறது. அதைத் தேவிப்ரியா கேட்கிறாள், ரத்தம் பரிசோதிக்கிற லேப் வைப்பதற்கு. நீங்கள் 'என் மனைவி பங்கில் எனக்குச் சம்மதம் இல்லை' என்று நீங்களாகவே சொல்வதுபோல ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நான் சொன்னால் வீட்டில் சோறு கிடைக்காது.

ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், முப்பத்திரண்டு வருடம் சர்வேயராக இருந்தவன் நான், கண்ணில் பட்டதை அளக்காமல் இருக்க முடியாது. பஸ் ஸ்டாண்டிலிருந்து பெட்ரோல் பங்க் வரை நடந்து நோட்டில் எழுதியிருக்கிறேன். டீயோடு சேர்ந்த பேக்கரி பதினொன்று, மொபைல் கடை எட்டு, ஜெராக்ஸ் ஆறு, பியூட்டி பார்லர் ஐந்து, மருந்துக்கடை ஐந்து, லேப் மூன்று. திருமயத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனேன், அங்கேயும் இதே வரிசை. போர்டில் ஊர் பேரைப் படித்தால்தான் எந்த ஊரில் நிற்கிறோம் என்றே தெரிகிறது. அதனால்தான் நம் காம்ப்ளக்ஸில் இந்த ரோட்டில் இல்லாத தொழிலுக்குத்தான் இடம் என்று நான் ஆரம்பத்திலேயே சட்டம் போட்டேன். அந்தச் சட்டம் என்ன ஆனது என்று உங்களுக்கு இதுவரை சொன்னதில்லை, இப்போது சொல்லிவிடுகிறேன்.

ஒன்றாம் நம்பரை செம்மல் என்கிற பையனுக்கு வளர்ப்பு மீன் கடை வைக்கக் கொடுத்தேன். எனக்கு ரொம்பச் சந்தோஷம். போர்டு அடிக்கிறவரிடம் மீன் படம் இல்லை, கேக்கும் டீ கிளாஸும் உள்ள படம்தான் ரெடியாக வைத்திருக்கிறார், கடைசியில் எங்கேயோ தேடி ஒரு திமிங்கிலத்தைப் போட்டுக் கொடுத்தார். மீன் பார்க்க வருகிறவர்கள் நிற்கிறார்களே என்று செம்மல் பிளாஸ்க்கில் டீ வைத்தான். டீக்குத் தொட்டுக்கொள்ள பன் வந்தது, பன்னுக்குப் பின்னால் பப்ஸ் வந்தது, பப்ஸை வைக்க கண்ணாடிப் பெட்டி வேண்டுமென்று ஒவ்வொரு தொட்டியாகக் காலி செய்தான். இப்போது அது பன்னிரண்டாவது பேக்கரி. கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு தொட்டி மிச்சம், திமிங்கிலம் மட்டும் இன்னும் போர்டில் இருக்கிறது. ஏண்டா இப்படி என்று கேட்டதற்கு, "ஐயா, மீனை வாரத்துக்கு ஒருத்தரு வாங்குறாரு. டீய ஒரே ஆளு நாளைக்கு நாலு தடவை வாங்குறாரு. நான் என்ன செய்யட்டும், நீங்களே சொல்லுங்க" என்றான். அந்த ஒரே ஆள் நான்தான் என்பதால் மேற்கொண்டு பேச முடியவில்லை.

இரண்டாம் நம்பரில் செஸ் சொல்லித்தருகிறேன் என்று வந்தார் சந்தனம். செஸ் போட்டிக்குப் பேர் கொடுக்க ஆதார் நகல் கேட்டார்களாம், பிள்ளைகளுக்காக ஒரு மெஷின் வாங்கிப் போட்டார். பிள்ளைகள் நின்றுவிட்டார்கள், அவர்களுடைய அம்மா அப்பாக்கள் ஜெராக்ஸுக்கு வரிசையில் நிற்கிறார்கள். செஸ் போர்டு இப்போது பேப்பர் பறக்காமல் இருக்க மேலே வைத்திருக்கிறது. மூன்று, நான்கு, ஐந்தைப் பற்றி எழுதினால் உங்களுக்குத் தூக்கம் வராது. அந்த மூன்றில் ஒன்று மொபைல் கடை என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன் மாப்பிள்ளை. ஆறு கடையும் பத்துக்குப் பதினான்கு அடி, ஒரு ஷட்டர், இரண்டு பிளக். கயிறு பிடித்து அளந்து கொடுத்தவன் நான்தான். அந்த அளவுக்குள் என்ன தொழில் அடங்குமோ அந்தத் தொழில்தானே வரும்? எல்லா ஊரிலும் இதே அளவுதான் கட்டுகிறார்கள். துணியும் செருப்பும் போனில் அமுக்கினால் வீட்டு வாசலுக்கு வந்துவிடுகிறது. சூடாக டீயும் தலைமுடி வெட்டுவதும் கூரியரில் வராது, அதனால் ரோட்டில் அவைதான் மிஞ்சுகின்றன. அதுவும்போக யாரும் யோசித்துத் தொழில் தொடங்குவதில்லை. சொந்தக்காரர் கடையில் இரண்டு வருடம் நின்றிருப்பான், கைக்குத் தெரிந்தது அதுதான், அதையே இங்கே வந்து போடுகிறான். தெரியாததைச் செய்து தோற்றால் ஊர் சிரிக்கும், தெரிந்ததைச் செய்து தோற்றால் நேரம் சரியில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் ஆறாவது கடையாவது தப்பட்டும் என்று பார்க்கிறேன். உங்களிடம் மறைப்பானேன், அதில் ஒரு வரைபடக் கடை வைக்க எனக்கு ஆசை. கிராம வரைபடம், தாலுகா வரைபடம், அளவு நாடா, மட்டம் பார்க்கிற ரசமட்டம். இந்த ஜில்லாவிலேயே அப்படி ஒரு கடை கிடையாது. தேவிப்ரியாவிடம் சொன்னேன். "அப்பா, மேப்பு எல்லாரு போன்லயும் இருக்கு. ஒங்க கடைக்கு ஆரு வருவா?" என்கிறாள். "ஒன் கடைக்கு மட்டும் ஆரு வருவா? ஏற்கெனவே மூணு லேப் இருக்குல்ல" என்றேன். அவள் எழுந்து போய்விட்டாள்.

அவள் கஷ்டம் எனக்குத் தெரியாமல் இல்லை. மருமகன் கத்தாரில் இருக்கிறார். இவள் வெறும் வயிற்று ரத்தம் எடுக்க வேண்டுமென்று விடிவதற்குள் புதுக்கோட்டைக்குப் பஸ் ஏறுகிறாள். பேத்தி வைஷ்ணவி எழுந்து அம்மாவைத் தேடி அழுவதைத் தினமும் நான்தான் சமாளிக்கிறேன். ஏழு வருடம் அடுத்தவர் லேபில் நின்றாயிற்று, சேர்த்ததையெல்லாம் போட்டு மெஷினுக்கும் சொல்லிவிட்டாள். இந்தக் கடை கிடைக்காவிட்டால் வேறு இடத்தில் அட்வான்ஸ் கொடுக்க அவளிடம் எதுவும் இல்லை. அது எனக்கு வருத்தம்தான். இருந்தாலும் நாலாவது லேப் என்று என் நோட்டில் என் கையாலேயே எழுத வேண்டுமா? இந்த ஊரில் அத்தனை நோயாளி எங்கே இருக்கிறான்? எல்லாரும் நடமாடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆகவே தயவுசெய்து மறுத்துவிடவும். பழி உங்கள் மேல் விழும், நீங்கள் தூரத்தில் இருக்கிறீர்கள், உங்களை எதுவும் செய்ய முடியாது.

பிள்ளைகள் படிப்பில் முதலாக வரவும், செல்வராணிக்கு முழங்கால் வலி குறையவும் இங்கிருந்தே சாமி கும்பிட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
என்றும் உங்கள் நலம் நாடும் மச்சான்
கு. நாகராசு
(நில அளவைத் துறை, ஓய்வு)

பின்குறிப்பு: ஒட்டிய கவரைப் பிரித்து எழுதுகிறேன். இன்று வியாழக்கிழமை. தபாலில் போடக் கிளம்பும்போது தேவிப்ரியாவின் மெஷின்கள் வீட்டுக்கு வந்து இறங்கின. எல்லாவற்றிலும் சின்னதை எடுத்துக்கொண்டு வந்து, "மெஷினு ஓடுதான்னு பாக்கணும், வெரலக் காட்டுங்கப்பா" என்றாள். கடைதான் கிடைக்கப்போவதில்லை, விரலையாவது காட்டுவோம் என்று காட்டினேன். சர்க்கரை முந்நூற்றுப் பதினெட்டு என்று வந்தது. மெஷின் சரியில்லை, திருப்பி அனுப்பு என்றேன். இன்னொரு விரலில் எடுத்தாள், முந்நூற்று இருபத்தொன்று. தன் அம்மா சொர்ணவல்லியைக் கூப்பிட்டு அவளுக்குப் பார்த்தாள், நூற்றுப் பத்து. மெஷின் நன்றாக இருக்கிறது மாப்பிள்ளை.

தேவிப்ரியா என் விரலில் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். ரத்தம் நின்ற பிறகும் விடவில்லை. கண் கலங்கியிருந்தது. அப்புறம் கேட்டாள். "மூணு லேப் இருக்கு, மூணு லேப் இருக்குன்னு எண்ணி எண்ணி எழுதுனீங்களேப்பா. ஒண்ணுக்குள்ளயாவது ஒரு நா போனீங்களா?"

மூன்றின் வாசல் அகலமும் என் நோட்டில் இருக்கிறது, உள்ளே போனதில்லை. மகள் வீட்டுக்குள் கொண்டுவந்து நீட்டியதால்தான் கையைக் காட்டினேன். இந்த ரோட்டில் என்னைப்போல எத்தனை பேர் நடமாடிக்கொண்டிருக்கிறார்களோ.

சாவியை அப்போதே எடுத்துக் கொடுத்துவிட்டேன். மேலே எழுதியிருப்பதை நீங்கள் படிக்கவில்லை. செல்வராணியிடம், நீங்களாகவே யோசித்துச் சொல்வதுபோல, சரி என்று மட்டும் சொல்லிவிடவும்.