சட்டைப் பையில் வந்த சாட்சி

அன்பு மகளுக்கு அப்பா எழுதிக்கொள்வது. நான் நலம், டிரைவர் நலம், லாரி நலம். கட்டுப் போட்ட உன் காலும் சீக்கிரம் நலமாகட்டும். போனில் சொன்னால் பாதியிலேயே கத்துவாய், ஆகையால் கடிதம்.

உன் குளிர்லாரிக்கு வந்த முதல் பெரிய ஆர்டர், இந்த ஐஸ்கிரீம் உருகாமல் போய்ச் சேர்ந்தால்தான் வருஷம் முழுக்கச் சரக்குத் தருவார்கள் என்று நீ படித்துப் படித்துச் சொன்னாய். பெட்டிகளுக்கு நடுவே வைத்திருந்தாயே, தீப்பெட்டி அளவில் ஒரு கருவி, வழியெல்லாம் எவ்வளவு குளிர் என்று அது பதிவுசெய்துகொண்டே வரும், அதுதான் நமக்குச் சாட்சி, பத்திரம் என்றாய். பத்திரம் என்று சொன்ன பிறகு நான் சும்மா இருப்பேனா? அந்தப் பனியில் கிடந்து விறைத்துக் கெட்டுப்போனால் என்னாவது என்று, கிளம்பும்போதே அதை எடுத்து என் சட்டைப் பையில் போட்டு, மேலே ஸ்வெட்டரும் மாட்டிக்கொண்டேன். வழியில் அடிக்கடி தொட்டுப் பார்த்தேன். கதகதப்பாக இருந்தது. நிம்மதியாகத் தூங்கிவிட்டேன்.

இங்கே கிடங்கில் சரக்கின் தரம் பார்க்கிற அம்மா அதைக் கம்ப்யூட்டரில் செருகிப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பவும் அதைப் பார்த்தார். "ஏங்க, வழியெல்லாம் முப்பத்தஞ்சு டிகிரி காட்டுது. ஐஸ்கிரீம் கொண்டு வந்தீங்களா, வெந்நீர் கொண்டு வந்தீங்களா? திருப்பி எடுத்துட்டுப் போங்க" என்றார். நம் டிரைவர் லாரியைத் திறந்து ஒரு பெட்டியைத் தூக்கி வந்து மேஜையில் போட்டார். டங்கென்று சத்தம். "கல்லு மாதிரி இருக்கே. அப்ப இந்தக் கருவி எங்கதான் இருந்துச்சு?" என்று அந்த அம்மா கேட்க, நான் சட்டைப் பையைக் காட்டினேன். அவ்வளவுதான், கிடங்கே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. "பாதி வழியில முப்பத்தெட்டுக்கு ஏறியிருக்கு பெரியவரே. சரக்கு நல்லாத்தான் இருக்கு, உங்களுக்குத்தான் காய்ச்சல்" என்றார்.

அந்த அம்மாவே லாரிக்குள் ஏறி, நாலைந்து பெட்டிகளில் குளிர் பார்க்கிற கம்பியைக் குத்திப் பார்த்துவிட்டு, எல்லாம் சரி, டீ குடித்துவிட்டு இறக்கலாம் என்று சொல்லிவிட்டார். எனக்கு மாத்திரை கொடுத்தார்கள். சுமை இறக்குகிறவர்கள்கூடக் கான்டீனுக்கு வந்து, நடந்ததை என்னைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டார்கள். தலைகால் புரியாத சந்தோஷம். ஜெயிச்சுட்டோம்மா.

உன் எலும்பும் தொழிலும் ஒருசேரக் கூடி உறுதியாகட்டும் என்று மனதார வாழ்த்தும்,
உன் அப்பா.

பின்குறிப்பு: டிரைவர் இப்போதுதான் லாரிப் பக்கம் போய்விட்டுப் பேயறைந்த முகத்தோடு வந்து நிற்கிறார். லாரிக் கதவை நான் மூடியிருப்பேன் என்று அவரும், அவர் மூடியிருப்பார் என்று நானும் இத்தனை நேரம் கதை பேசியிருக்கிறோம். லாரிக்குக் கீழே வெனிலா ஓடுகிறதாம். ஆர்டர் இன்னும் நமக்குத்தானா என்று அந்த அம்மாவிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. நீயே ஒரு வார்த்தை கேட்டுவிடம்மா.