செம்புக்கு நான் விட்ட இடைவெளி

அன்று அறையில் இருந்தவர்கள் நான்கு பேர். நான், முதலாளி வரதன், ஐம்பது சீரியல் லைட் போர்டுகளுக்கு ஆர்டர் கொடுத்த தி.நகர் கடைக்கார அண்ணாச்சி, தன் பெண்ணை எனக்குக் கொடுக்கலாமா என்று சொல்லாமல் கொள்ளாமல் விசாரிக்க வந்த திருவல்லிக்கேணி தர்மலிங்கம். டெலிபோன் ரிப்பேர் வேலையில் ரிடையர் ஆனவர்.

தொண்ணூறுகளின் நடுவில், மயிலாப்பூரில் ஒரு மாடி அறை. ஒன்பதாவதோடு பள்ளிக்கு முழுக்குப் போட்ட நான் அங்கே கம்ப்யூட்டரில், விளக்குகளை எரிய வைக்கும் சர்க்யூட் போர்டுகளை வரைந்துகொண்டிருந்தேன். கரண்ட் போகும் கோடுகளை வரைந்தபின், மீதி இடத்தைச் செம்பால் நிரப்பி, கரண்ட் திரும்பிவர வழி செய்வோம். கோட்டுக்கும் அந்தச் செம்புக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று, அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு கணக்கில், ஒரு எண் கொடுக்க வேண்டும். முதலாளி பத்து என்றார். இரண்டும் உரசி ஷார்ட் ஆகிவிட்டால்? பதினைந்து வைத்தேன். பஸ்ஸில் யோசித்துக்கொண்டே போய், மறுநாள் இருபத்தைந்து. கடைசியில் நாற்பது. திரையில் சிவப்பாக ஏதோ எச்சரிக்கை வந்தது. இங்கிலீஷ். மரியாதையாக ஓகே அமுக்கினேன். தீபாவளி அவசரத்தில் ஐம்பது போர்டும் தயாராகிவிட்டன.

அண்ணாச்சி முன்னால் வரதன் ஸ்விட்சைப் போட்டார். ஒரு பல்பும் எரியவில்லை. இன்னொரு போர்டு. அதுவும் அப்படியே.

“என்னவே, நான் என்ன எழவு வீட்டுக்கா லைட்டு கேட்டேன்?” என்றார் அண்ணாச்சி.

“ஷார்ட் ஆகலை சார்,” என்றேன் பெருமையாக.

“ஷார்ட் ஆறதுக்கே கரண்ட் போணும்டா!” என்று கத்தினார் வரதன்.

தர்மலிங்கம் ஒரு போர்டை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். “இன்னா தம்பி, செம்பு தனித்தனியா கீது? ஒண்ணுக்கொண்ணு பேச்சுவார்த்தை இல்லியா?”

நான் தள்ளத் தள்ள, செம்பு குறுகலான சந்துகளில் நுழைய முடியாமல் தீவு தீவாகப் பிரிந்திருந்தது; கரண்ட் திரும்பிவர வழியே இல்லை.

“சாயங்காலத்துக்குள்ள எரியலைன்னா ஆர்டர் கிடையாது,” என்றார் அண்ணாச்சி.

“உனக்கு வேலையும் கிடையாது,” என்றார் வரதன்.

வேலை போனால் கல்யாணமும் போகும். அதை யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

தர்மலிங்கம் சட்டையைக் கழற்றி நாற்காலியில் மாட்டினார். “சால்டரிங் அயர்ன் எங்க கீது?” அதில் ஈயத்தை உருக்கி, ஒயர் துண்டுகளால் தீவுகளை ஒவ்வொன்றாக இணைத்தார். நான் ஒயர் வெட்டிக் கொடுத்தேன் (பத்தாமல் போய்விடுமோ என்று, ஒவ்வொன்றும் இரண்டு மடங்கு நீளம்). ஐந்து மணிக்கு ஐம்பதும் எரிந்தன.

வீட்டுக்குப் போய்ப் பெண்ணிடம் சொன்னாராம்: “வேலை அரைகொறைதான். ஆனா எந்த வம்புக்கும் பத்தடி தள்ளியே நிப்பான்.”

கல்யாணம் நடந்தது. தலைதீபாவளியில், இலையில் நான் கை வைக்கும்போது மாமனார் கேட்டார்: “அன்னிக்கு ஒட்டிக் குடுத்தேனே, போர்டுக்கு அஞ்சு ரூபா கூலி, இன்னா ஆச்சு மாப்ளே?” அதன்பின் வருஷா வருஷம் கேட்கிறார்; இப்போது என் மகளும் சேர்ந்து கேட்கிறாள். கொடுத்துவிட்டால் என் வேலையைப் பற்றி வேறு ஏதாவது கேட்டுவிடுவாரோ என்ற பயத்தில் கொடுக்கவே இல்லை. பாக்கி இருநூற்றைம்பது ரூபாய்.