நோவி சாட் கடிகாரமும் என் வாயும்

போனில் பேசும்போது எல்லோருமே கொஞ்சம் உயரமாகிவிடுகிறோம். நான் அளவுக்கு மீறி வளர்ந்துவிட்டேன்.

மட்டாஞ்சேரிக்காரனான எனக்கு செர்பியாவில், நோவி சாட் என்ற நகரத்தில், ஹோட்டல் சமையலறை வேலை கிடைத்தது. போன கையோடு ஊரில், பக்கத்துக் கொச்சங்காடியில் பெண்ணும் பார்த்தார்கள். பெயர் சிந்து. "இங்க தெருத்தெருவா எனக்கு அத்துப்படி" என்று அவள் அப்பாவிடம் போனில் அளந்துவிட்டேன். (தெரிந்ததெல்லாம் சமையலறையும் தங்கும் அறையும்தான்.)

"அப்ப சனியாழ்ச்ச வீடியோல எங்களுக்கு ஊரைக் காட்டு மோனே" என்றார். வெளிநாட்டு வேலை என்று புளுகி ஏமாற்றுகிறவர்களைப் பற்றி நிறையக் கேள்விப்பட்டவர்.

சனிக்கிழமை நடந்தேன். அங்கே டிவியில் என்னைப் போட்டு, குடும்பமே சாயாவோடு உட்கார்ந்திருந்தது.

"அது எந்தா மோனே, கலர் ஓடு போட்ட பெரிய கெட்டிடம்?"

"அரண்மனை மாமா."

சொல்லி வாய் மூடவில்லை, மணி அடித்தது. வெள்ளை கவுனில் மணப்பெண் வெளியே வந்தாள். பின்னாலேயே பாதிரியார்.

"ராஜா வீட்டுக் கல்யாணமா?"

"ஆமா மாமா." (வேறு என்ன சொல்வது?)

மேலும் உளறுவதற்குள் பாலம் தாண்டி, டான்யூப் ஆற்றங்கரைக் கோட்டைக்கு ஓடினேன். படியேறி மூச்சு வாங்கியபடி கடிகார கோபுரத்தைக் காட்டினேன். முள்ளைப் பார்த்ததும் வாசித்துவிட்டேன்.

"இங்க இப்ப மூணு மணி ஆகப்போகுது மாமா!"

கொச்சங்காடியில் சாயா கிளாஸ்கள் கீழே இறங்கின.

"இவிட ரெண்டே முக்கால்தானே" என்றார் மாமா மெதுவாக. "அங்க நம்மளவிட முன்னாடி விடியுமா? மோனே, நீ சத்தியமா எங்க இருக்க?"

கடிகாரம் ரிப்பேர் என்றேன். ரிப்பேரான கடிகாரத்தை எதற்குக் காட்டினாய் என்றார் சிந்துவின் சித்தப்பா ஒருவர். என் கல்யாணம் கண்ணெதிரே ஆற்றில் போய்க்கொண்டிருந்தது.

அப்போது பக்கத்தில் ஒரு சுற்றுலாக் கும்பல். வழிகாட்டிப் பெண் ஆங்கிலத்தில் உரக்க விளக்கிக்கொண்டிருந்தாள். போனுக்குள்ளிருந்து அதுவரை கேட்காத ஒரு குரல் வந்தது. சிந்து.

"அச்சா, அந்தச் சேச்சி சொல்றதக் கேளுங்க. ஆத்துல படகுல போறவங்களுக்கு தூரத்துலேந்து மணி தெரியணும்னு, பெரிய முள்ளை மணிக்கு வச்சிருக்காங்களாம். சின்னது நிமிஷம். இப்ப அங்க பதினொன்னேகால், நமக்கு மூணரை மணி நேரம் பின்னாடி. அவரு செர்பியாலதான் இருக்காரு."

அப்புறம் என்னிடம்:

"சேட்டா, அந்தச் சேச்சி பின்னாடியே போங்க. போனை மட்டும் நேராப் பிடிங்க. நீங்க ஒண்ணும் பேச வேண்டாம்."

மீதி ஊரை அப்படித்தான் காட்டினேன். 'அரண்மனை' மாதா கோயில் என்பதும் அப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தது, நான் உள்பட. அந்த அரை நாள் நான் வாய் திறக்காததுதான் பிடித்தது என்று சிந்து இன்றும் சொல்வாள்.

கல்யாணம் முடிந்து விடுமுறைக்கு வந்தபோது விருந்தாளிகளைப் பக்கத்துக் கும்பளங்கிக்குக் கூட்டிப்போய், மீன் பிடிக்கும் சீன வலையைக் காட்டி "இது வந்து..." என்று ஆரம்பித்தேன். பிறந்து வளர்ந்த ஊர்ப்பக்கம், ஐயா!

மாமனார் தோளில் தட்டினார். "மோன் போட்டோ எடுத்தா மதி, அது போதும். விவரம் சொல்ல வேற ஆளு வரும்."