பிசின்கோட்டை முற்றுகையும் மணிமேகலையின் சபதமும்

வாழ்க மணிமேகலை! மூக்கண்டப்பள்ளித் தகரக்கூரைத் தொழிற்கூடத்தின் தனிப்பெரும் பொறியாளர், ஈயப்புகை முகர்ந்தே இருமலை வென்ற இணையிலா வீராங்கனை, எந்தச் சர்க்யூட் போர்டின் மூலையிலும் தாமிரத்தால் பிள்ளையார் சுழி போட்டே தொடங்கும் பக்திமதி, ஆழ்துளைக் கிணற்று மோட்டார்களை ஒரு மிஸ்டு காலில் ஓடவைக்கும் செல்போன் ஸ்டார்ட்டரைப் படைத்த தவச்செல்வி வாழ்க! அவள் சபதமும் வாழ்க. அது எத்தனை நாழிகை வாழ்ந்தது என்று சொல்லப்போகும் நம் வாயும் வாழ்க!

அந்த ஸ்டார்ட்டருக்குக் குறைமின்னழுத்தம் என்னும் கொடும்பகை ஒன்று உண்டு. கல்லாவிப் பக்கம் கரண்ட் கொஞ்சம் சோர்ந்தால் போதும், கருகிக் கமகமத்துத் தாய்வீடு திரும்பிவிடும். மாநில எல்லைக்கு அப்பாலிருந்து வரும் போட்டிக் கம்பெனியின் பெட்டியோ கருகவே கருகாது. கருகாத சரக்கு வெள்ளிக்கிழமைக்குள் வராவிட்டால் இனி உங்கள் பெட்டி என் கடைப்படி ஏறாது என்று போச்சம்பள்ளி வியாபாரி சொல்லிவிட்டார். அவர் கைவிட்டால் கூடத்துக்குப் பூட்டுத்தான்.

ஆகவே முதலாளி ராஜப்பன், பகைவரின் பெட்டி ஒன்றை வாங்கிவந்து மேசைமேல் வைத்து முழங்கினார்.

“பிரிச்சுப் பாத்து அப்படியே போடும்மா. பக்கத்து ஓட்டல் சாம்பார ருசி பாக்காத ஓட்டல்காரன் எவன் இருக்கறான்?”

“ருசி பாக்கறது வேற, அண்டாவோட தூக்கியாறது வேற சார். அடுத்தவன் மூளையக் களவாண்டு நான் போர்டு போட மாட்டன்.”

மூண்டது அறப்போர்! அறிவென்பது ஆற்றுநீர், யாரும் மொள்ளலாம் என்று அவர் அம்பெய்தார். நீர் பொதுதான், குடம் அவனுடையது என்று அவள் அதை முறித்தாள். காலை டீயில் தொடங்கிய சமர் மாலை டீ வரை ஓயவில்லை. கடைசியில், போர்டுகளுக்கு ஈயம் உருக்கிச் சால்டர் வைக்கும் காவேரி தலைநிமிராமல் கேட்டாள்.

“வெள்ளிக்கெழமைக்கி அப்பறம் நாங்கல்லாம் எங்கக்கா போறது?”

மணிமேகலை பகைவரின் பெட்டியைத் தன் பக்கம் இழுத்தாள். பிரிக்கலாம், பார்க்கலாம், ஆனால் வரையமாட்டேன் என்று சபதத்தைச் சற்றே திருத்திக்கொண்டாள்.

பெட்டிக்குள்ளோ, பிறர் கண் படாதிருக்க ஊற்றி இறுக்கிய கரும்பிசின் கோட்டை! ஹீட் கன் அனல் கக்க, ஸ்க்ரூடிரைவர் வேலெனப் பாய, பிளேடுகள் இரண்டு களப்பலியாக, வீராங்கனையின் கட்டைவிரல் நகம் வீரமரணம் எய்த, ஒரு முழு நாள் முற்றுகைக்குப் பின் மதில் பெயர்ந்து விழுந்தது.

உள்ளே, போர்டின் இடது மூலையில், தாமிரத்தில் ஒரு பிள்ளையார் சுழி.

அவளுடையதேதான். தமிழறியாத எந்த மகராசனோ அதையும் சர்க்யூட்டின் ஓர் உறுப்பென்று நம்பி, வளைவு குறையாமல் படியெடுத்ததோடு, எதற்கும் இருக்கட்டும் என்று அதற்கு ஓர் ஒயரையும் சால்டர் வைத்திருந்தான். மற்றதெல்லாம் அச்சு அசல் அவள் போர்டு. ரிலே பக்கத்தில் நாலே நாலு சாமான்கள் மட்டும் புதிது. கருகாமல் காத்த காவல்தெய்வங்கள் அவைதாம்.

திருட்டுப்பயல்கள் என்று அவள் போட்ட சத்தத்தில் தகரம் அதிர்ந்தது. உள்ளூரக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. ராஜப்பன் ஸ்டூலை அவள் பக்கம் நகர்த்தினார்.

களவாடியவனிடம் களவாடினால் களவாகுமோ? நூறும் தன்னதாய் நாலு மட்டும் பிறனதாயின் அறம் எப்பக்கம் சாயும்? எண்டிசையும் மூச்சடக்க, காவேரியின் சால்டர் புகையும் அசையாது நிற்க, வீராங்கனையின் வலக்கரம் மெல்ல எழுந்தது!

மணிமேகலை ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, மேலே பிள்ளையார் சுழி போட்டுவிட்டு, பார்த்து வரைய ஆரம்பித்தாள்.