இருபத்து நான்கு சிவப்புப் பெருக்கல் குறி

புதிதாக வேலைக்குச் சேர்ந்தவன் கையில் சிவப்பு பெயிண்டைக் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் என்ன ஆகும் என்பதை என்னைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

அப்போது எனக்கு இருபத்து இரண்டு வயது. ஓட்டப்பிடாரத்தில் பஸ் ஏறி, தூத்துக்குடியில் ஒரு லேத் பட்டறைக்கு (முதலாளியின் விசிட்டிங் கார்டில் 'இண்டஸ்ட்ரீஸ்') குவாலிட்டி இன்ஸ்பெக்டராகப் போய்க்கொண்டிருந்தேன். சேர்ந்து ஒரு மாதம்தான். சட்டைப்பையில் இரண்டு பேனா, முகத்தில் நீதிபதிக் களை. அந்தப் பட்டறையில் ஒழுங்காக அளக்கத் தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்ற நினைப்பு வேறு.

அந்த வாரம் துறைமுகத்தில் நிலக்கரி கொண்டுபோகும் கன்வேயருக்காக இருபத்து நான்கு வட்டத் தகடுகள் தயாராகின. நடுவில் ஷாஃப்ட் என்ற சுழல்தண்டு நுழைய ஒரு பெரிய துளை, சுற்றிலும் நான்கு போல்ட் துளைகள். துளை போட்டவர் ஜெசிந்தா அக்கா. என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர். மூன்று வருடம் பிசிறு அராவும் மேசையில் உட்கார்ந்திருந்துவிட்டு, கம்ப்யூட்டர் சொல்படி துளை போடும் புது சி.என்.சி. மெஷினை இந்த ஒரு லாட்டுக்கு மட்டும் கேட்டு வாங்கியிருந்தார். முதலாளி அண்ணாச்சி எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார்: "ஏளா ஜெசிந்தா, இந்த லாட்டு பாஸானா மெஷின் ஒனக்கு. இல்லன்னா பழையபடி அரத்த எடுத்துட்டு ஒக்காரு."

இது எனக்கும் தெரியும். தெரிந்துதான் அளந்தேன்.

ஒரு துளை இருக்க வேண்டிய இடத்திலிருந்து எவ்வளவு விலகலாம் என்பதை வரைபடத்தில் ஒரு கட்டம் போட்டு எழுதியிருப்பார்கள். அந்தக் கட்டத்தில், வட்டத்துக்குள் 'எம்' என்ற எழுத்து இரண்டு இடத்தில் இருந்தது. முதல் எம் போல்ட் துளைகளுக்கு. துளை அதன் குறைந்தபட்ச அளவைவிட எவ்வளவு பெரிதோ, அவ்வளவு கூடுதலாக விலகிக்கொள்ளலாம். அதைக் கணக்கில் சேர்த்தேன். (சேர்த்ததில் பெருமை வேறு.) இரண்டாவது எம் நடுத்துளைக்கு உரியது. அது பாட்டுக்கு இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன். டிப்ளமோ பரீட்சையில் இதே பாடத்தில் பத்துக்கு ஒன்பது மார்க் வாங்கியவன் நான்.

இருபத்து நான்குமே ஒரு தலைமுடி அளவுக்கு வெளியே போயிருந்தன. அதுவும் நான்கு துளைகளும் சேர்ந்தாற்போல் ஒரே பக்கம் தள்ளியிருந்தன. 'ஆபரேட்டரின் தொடர் கவனக்குறைவு' என்று ரிப்போர்ட்டில் எழுதி, அடிக்கோடும் போட்டேன்.

அக்கா மேசைக்கு அடியிலிருந்து ஒரு இரும்புக் கட்டையை எடுத்து வந்தார். நடுவே ஒரு தடித்த முளை, சுற்றி நான்கு பின். தகடு பொருந்துகிறதா என்று போட்டுப் பார்க்க, வரைபடத்தைப் பார்த்து அவரே செய்த கேஜ்.

"தம்பி, ஒவ்வொண்ணையும் இதுல போட்டுப் பாத்துதான் எறக்குனேன். எல்லாம் ஒக்காருது. ஒருக்கா பாரேன்."

"அக்கா, நான் கம்ப்யூட்டர் வச்ச அளவு மெஷின்ல மூணு தசமத்துக்கு அளந்துருக்கேன். நீங்க கட்டையத் தூக்கிட்டு வாரீங்க?"

அவர் கட்டையை மேசைக்கு அடியிலேயே திரும்ப வைத்தார். முகம் சுருங்கிவிட்டது. நான் பெயிண்ட் டப்பாவைத் திறந்து, இருபத்து நான்கிலும் ரிஜெக்ட் என்று பெருக்கல் குறி போட்டேன். கடைசித் தகட்டுக்கு வரும்போது அக்கா பழைய மேசையில் உட்கார்ந்து அரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். எனக்கு உறுத்தியது. நேர்மையானவனுக்கு இப்படித்தான் உறுத்தும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மதியம் சரக்கைப் பார்க்கத் துறைமுகத்திலிருந்து ஒரு இன்ஜினியர் அம்மா வந்தார். ரிப்போர்ட்டைப் படித்தார், வரைபடத்தைப் பார்த்தார், மறுபடியும் ரிப்போர்ட்டைப் பார்த்தார்.

"கேஜ் ஏதாவது இருக்கா?"

அக்கா கட்டையோடு வந்து, முதல் தகட்டை அதன்மேல் வைத்தார். இறங்கவில்லை. எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம். (இன்றைக்கு நினைத்தாலும் என்னை நானே அறையத் தோன்றுகிறது.) அக்கா தகட்டை இரண்டு கையாலும் பிடித்து லேசாக ஆட்டினார். டொக். உட்கார்ந்துவிட்டது.

"நடுத்துளை பெருசாத்தான இருக்கு தம்பி. ஷாஃப்ட்டுல கொஞ்சம் ஆடும்லா? அந்த ஆட்டத்துல நாலும் சேந்து நகந்துக்கிடும்."

அந்த இரண்டாவது எம் சொல்வதும் இவ்வளவுதான். இருபத்து நான்கு முறை டொக் கேட்டது. பத்தாவது டொக்கில் நான் சுருங்கி மேசை உயரத்துக்கு வந்துவிட்டேன்.

"இந்த ரெண்டாவது எம்மைப் பாக்கலையா சார்?" என்றார் இன்ஜினியர் அம்மா.

"பாத்தேன் மேடம்."

"பாத்துட்டு?"

அண்ணாச்சி "ஏலே..." என்று ஆரம்பித்தார். அக்கா குறுக்கே வந்தார்: "விடுங்க அண்ணாச்சி. அளவெல்லாம் சரியாத்தான் எடுத்துருக்கான். குறியும் நல்லா நேரா போட்டுருக்கான்."

பட்டறையே சிரித்தது. சாயங்காலம் வரை தின்னரில் துணியை நனைத்து நான் குறி அழித்தேன். பாதியில் அக்காவும் ஒரு துணியோடு வந்து உட்கார்ந்தார். மன்னிப்புக் கேட்டேன். "மத்தியானம் வர எனக்கு ஈரக்கொல நடுங்கிட்டுலே" என்றார், சிரிக்காமல். மெஷின் அவருக்குக் கிடைத்துவிட்டது என்றாலும் அந்தப் பேச்சு எனக்கு இன்னும் வலிக்கிறது.

நான்கு வருடம் கழித்து என் கல்யாணம். மைத்துனன் எனக்குப் போட்ட மோதிரம் விரல் கணுவிலேயே நின்றுவிட்டது. அவன் அழுத்துகிறான், போட்டோக்காரர் சிரிக்கச் சொல்கிறார், மண்டபமே பார்க்கிறது. "சின்னதாயிட்டு, விட்டுரு மாப்ள" என்று நான் கையை இழுத்தபோது மூன்றாவது வரிசையிலிருந்து ஜெசிந்தா அக்காவின் குரல் வந்தது.

"ஏலே, ரிஜெக்ட் பண்ணிராதலே! ஆட்டிப் போடச் சொல்லு!"

ஆட்டினான். இறங்கிவிட்டது.

மணமேடையில் என் மனைவி என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "என்னத்த ரிஜெக்ட் பண்ணுனீங்க?" என்பதுதான். பந்தி முடிவதற்குள் அக்கா முழுக்கதையையும் அவளிடம் ஒப்பித்துவிட்டார். இப்போது யு.கே.ஜி. படிக்கும் என் மகளுக்கு ஷூ ஏறவில்லை, வேறு வாங்க வேண்டும் என்று நான் சலித்துக்கொண்டால், அவள் காலை நீட்டியபடியே சொல்கிறாள்: "ஒருக்கா ஆட்டிப் பாருங்கப்பா. இல்லன்னா ஜெசிந்தா அத்தைட்ட சொல்லிருவேன்."