லித்தியம் வாங்கியிருக்க வேண்டாம்

"மாரோ டேலா! ஹேய்யோ!"

தள்ளச் சொல்லி நிமாய் ஜேட்டு வங்காளத்தில் குரல் கொடுக்க, மூன்று பேர் சந்தானத்தின் மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கொல்கத்தாவின் பாலிகஞ்ச் சந்தில் ஓடினார்கள். மேலே ஹெல்மெட்டோடு உட்கார்ந்திருந்த சந்தானத்துக்கு மானம் போனது. கார்டன் ரீச் ரயில்வே ஆபீசில் அவர் கணக்கு அதிகாரி. அங்கே அவர் வந்தால் நாலு பேர் எழுந்து நிற்பார்கள். இங்கே தினமும் காலையில் நாலு தெரு அவரை வேடிக்கை பார்த்தது.

அவருடையது கிக்கர் இல்லாத வண்டி. பட்டனை அழுத்தினால் 'டிக்' என்று ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான். பாட்டரியில் உயிரில்லை.

சந்து முனையில் இன்ஜின் உறுமியது. சந்தானம் ஒரு வட்டமடித்துத் திரும்பி, பாட்டரி சார்ஜ் ஏறட்டும் என்று இன்ஜினை அணைக்காமலே வண்டியை நிறுத்தினார். அதற்குள் அவர் மனைவி பூர்ணிமா பில்டர் காபியை டவராக்களில் ஊற்றிக் கொண்டுவந்துவிட்டாள். தள்ளியவர்களுக்கு அதுதான் கூலி.

"ஆஹா!" என்றார் ஜேட்டு, முதல் வாய் உள்ளே போனதும்.

ஜேட்டு என்றால் வங்காளத்தில் பெரியப்பா. எழுபதைத் தாண்டியவர். மனைவி போன பிறகு, மாடியில் இருக்கும் சந்தானத்துக்குக் கீழ் வீட்டில் தனியாக இருந்தார். நியூ டவுனில் இருக்கும் மகன், "பதினேழாவது மாடி, லிப்ட் இருக்கு, வந்துடுங்க அப்பா" என்று ஞாயிறுதோறும் வந்து கூப்பிடுவான்.

"நான் வந்துட்டா இந்த மதராஸிக்காரன் வண்டியை யாருடா தள்ளுவா?" என்று ஜேட்டு அவனைத் திருப்பி அனுப்பிவிடுவார். சந்தானமும் சேர்ந்து சிரிப்பார்.

சிரிக்க முடியாத ஒரு காலையும் வந்தது. தள்ளி முடித்த ஜேட்டு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார்.

"பெரியவருக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா யாருங்க பதில் சொல்றது?" என்றாள் பூர்ணிமா. "முதல்ல அந்தப் பாட்டரியை மாத்துங்க."

மாற்றலாம்தான். எதை? தண்ணீர் ஊற்றுகிற பழைய வகை, சீல் வைத்த வகை, புதிதாக வந்திருக்கும் லித்தியம் என்று கடைக்காரர் மூன்று காட்டினார். சந்தானம் காபி நேரத்தில் இதை வாய்தவறிச் சொல்லிவிட்டார். கொல்கத்தாவில் நாலு பேர் கூடிய இடத்தில் கேள்வி கேட்பதே தப்பு.

"சீல் வெச்சதுதான் நல்லது. தண்ணி பார்க்கிற தொல்லை இல்ல" என்றான் வண்டி தள்ளுகிறவர்களில் ஒருவனான இஸ்திரிக்கடை பிஸ்வநாத்.

"உனக்கென்னடா தெரியும்?" ஜேட்டு பாய்ந்தார். "சீல் வெச்சதுக்குள்ள என்ன இருக்குன்னு யாரு கண்டா? தண்ணி ஊத்தறதுதான் பாட்டரி. அதையே வாங்கு, சந்தானம்."

"லித்தியம்?"

"அது வெயிட்டே இல்லையாமே! வெயிட்டே இல்லாததுக்கு என்ன பாட்டரின்னு பேரு?"

பெரியவர் சொன்னதைத் தட்டக் கூடாதென்று சந்தானம் தண்ணீர் வகையையே வாங்கினார். அடுத்த வாரமே அது படுத்துவிட்டது. "மாரோ டேலா!" என்று ஜேட்டு முன்னைவிட உற்சாகமாகக் கூவினார்.

கடைக்காரர் வண்டியைச் சோதித்துத் தலையைச் சொறிந்தார். "பாட்டரி நல்லா இருக்கு, சார். எதுவோ கரண்ட்டை இழுக்குது."

ஒயரிங் முழுவதையும் மாற்றினார்கள். கூடவே சீல் வைத்த பாட்டரி. அது கொஞ்சம் தாக்குப்பிடித்துவிட்டு அதுவும் படுத்தது. ஆபீசில் மேலதிகாரி கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார். ஜேட்டுவின் மூச்சிரைப்பு மாடி வரை கேட்டது.

"அவரைக் கொன்னுட்டுத்தான் ஓய்வீங்களா?" என்றாள் பூர்ணிமா.

சார்ஜ் ரொம்பக் குறைந்தால் தானே கரண்ட்டை நிறுத்திக்கொள்ளும் என்று கடைக்காரர் சொன்ன லித்தியத்தைச் சந்தானம் பல்லைக் கடித்துக்கொண்டு வாங்கினார்.

மறுநாள் காலை பட்டனைத் தொட்டதும் வண்டி கிளம்பிவிட்டது. இடுப்பில் வேட்டியை இறுக்கிக்கொண்டு தயாராக நின்ற ஜேட்டு, அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். அடுத்த நாளும் கிளம்பியது. அதற்கடுத்த நாளும். பிஸ்வநாத் கடைக்குப் போய்விட்டான். தள்ளாத வண்டிக்குக் காபி எதற்கென்று யாரும் வரவில்லை. பூர்ணிமா கூப்பிட்டனுப்பினாள்.

"சும்மா உட்கார்ந்து காபி குடிக்க நான் என்ன விருந்தாளியா?" என்று ஜேட்டு சொல்லிவிட்டார்.

இருந்தாலும் அந்த மனிதர் தம் கடமையை விடவில்லை. தூசி படாமல் மாலையில் வண்டிக்குப் பழைய படுக்கைவிரிப்பைப் போர்த்துவதும் காலையில் எடுத்து மடிப்பதும் எப்போதும் அவர் வேலை. பக்கத்து வீட்டுக்காரர் கார் எடுக்கும்போது வண்டியை நகர்த்தி வைக்க, மாற்றுச் சாவியும் அவரிடமே இருந்தது. இப்போது விரிப்பை மடிக்கும்போது வண்டியை ஒரு மாதிரி பார்த்தார். அந்தப் பார்வை சந்தானத்தை அறுத்தது. ஒரு கிழவரின் காலையைத் திருடிவிட்டோம் என்று தோன்றியது. ஞாயிற்றுக்கிழமை மகன் வந்து கூப்பிட்டபோது ஜேட்டு, "பார்க்கலாம்" என்றார்.

"என்னங்க, அவர் போயிடுவார் போலிருக்கே" என்றாள் பூர்ணிமா.

திங்கட்கிழமை சந்தானம் ஒரு காரியம் செய்தார். ஹேண்டில்பாரில் இன்ஜினை நிறுத்துகிற சிவப்பு சுவிட்ச் இருக்கிறதே, அதை யாரும் பார்க்காமல் தட்டிவிட்டுப் பட்டனை அழுத்தினார். வண்டி பேசவில்லை.

"ஜேட்டு! வண்டி ஸ்டார்ட் ஆகலை!"

ஜேட்டு செருப்புக்கூடப் போடாமல் ஓடிவந்தார். முகத்தில் அப்படியொரு வெளிச்சம். "தோத்துப்போச்சா உன் லித்தியம்? டேய் பிஸ்வநாத்! மாரோ டேலா!"

சந்து முனைவரை தள்ளினார்கள். கிளம்பவில்லை. திரும்பவும் தள்ளினார்கள். சுவிட்சை மெல்லத் தட்டிவிடலாம் என்று சந்தானம் கையை நகர்த்தியபோது, மூச்சு வாங்க நின்ற ஜேட்டு ஹேண்டில்பாரைப் பார்த்துவிட்டார். ஒரு விரலால் சிவப்பு சுவிட்சைத் தட்டி, பட்டனை அழுத்தினார். இன்ஜின் அலறியது.

"ஜேட்டு, நான் வந்து…"

"ஆபீசுக்கு நேரமாச்சு. போ."

பூர்ணிமா நீட்டிய காபியை அவர் வாங்கவில்லை. அன்றைக்கே மகனுக்குப் போன் செய்துவிட்டார்.

அடுத்த ஞாயிறு ஜேட்டுவின் பெட்டிகள் காரில் ஏறின. சந்து முழுக்க நின்றது. நன்றாக ஓடும் வண்டி எதற்கு என்று சந்தானத்துக்குத் தோன்றியது. பழைய பாட்டரியை வைத்துக்கொண்டு மானத்தை விட்டிருக்கலாமே. கார் ஜன்னலில் குனிந்தார்.

"என்னை மன்னிச்சிடுங்க, ஜேட்டு. நான் உங்களை ஏமாத்தியிருக்கக் கூடாது."

ஜேட்டு பையிலிருந்து மாற்றுச் சாவியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்து மூடினார்.

"பழைய பாட்டரி, அப்புறம் வாங்கின ரெண்டு, எது மேலயும் குத்தமில்ல, சந்தானம். தினம் துணியைப் போர்த்தும்போது உள்ளே விளக்கைப் போட்டு, காலையில எடுக்கும்போது அணைச்சிடுவேன். இந்த லித்தியம்கிட்டதான் என் பாச்சா பலிக்கல."