நேற்று மட்டும் நிற்கும் நாய்

உலகில் ‘நேற்றுக்காரர்’ என்றோர் இனம் உண்டு. அவர்கள் வீட்டில் அதிசயம் நடக்காத நாளே கிடையாது. ஆனால் எல்லாம் நீங்கள் போவதற்கு முந்தின நாளே நடந்து முடிந்திருக்கும். எங்கள் தோப்ருஜாச் சமவெளியில், கௌதாரி வேட்டைக்கு நாய் பழக்குகிறவர்களிடையே இந்த இனம் களைபோல மண்டிக் கிடக்கிறது. நம்பிக்கையில்லையா? ரதோயைப் பாருங்கள்.

ரதோய் ரயில்வேயில் கைகாட்டி இழுத்து ஓய்வு பெற்றவர். அவருடைய இஸ்க்ரா ஒன்பது மாதப் பெட்டை நாய். பறவை வாடை பட்ட கணமே முன்காலொன்றைத் தூக்கியபடி அசையாமல் நிற்க வேண்டும், எஜமான் சொல்லும்வரை பாயக் கூடாது, பாடம் இவ்வளவுதான். இதற்காக மனிதர் தூண்டில் கோலில் கௌதாரி இறகைக் கட்டி முற்றத்தில் ஆட்டினார், கழுத்தில் இரண்டு விசில்களைத் தொங்கவிட்டார், நாய்க்குக் காய்ச்சல் கண்டபோது தானும் தரையில் படுத்தார், மனைவி வெலிகா மூன்று தரம் கூப்பிட்டால் ஒரு தரம் திரும்புகிறவர், நாய் கொட்டாவி விட்டாலே எழுந்து ஓடினார். நாய் நின்றதா? நின்றது. நேற்று.

குட்டியைக் கொடுத்தவர் வெலிகாவின் அண்ணன் ஸ்தாமாத். அக்டோபரில் அவர் கறாராகச் சொல்லிவிட்டார்.

“மாப்ள, ஞாயித்துக்கிழம அது என் கண்ணு முன்னால நிக்கணும். இல்லேன்னா கோழிப்பண்ணைக்குக் காவலுக்கு ஓட்டிட்டுப் போயிடுவேன்.”

அன்று ரதோய் ரக்கியாச் சாராயத்தைக்கூடத் தொடவில்லை.

ஞாயிறன்று ரதோய், ஸ்தாமாத், வெலிகா மூவரும் நாயோடு சூரியகாந்தி அறுத்த வயலுக்குப் போனார்கள். இஸ்க்ரா ஒரு முயலைத் துரத்தியது. ஒரு கௌதாரிக் கூட்டத்துக்குள் தலைதெறிக்கப் பாய்ந்தது. ஸ்தாமாத்தின் பையிலிருந்த பனித்சா என்னும் பாலாடைக்கட்டி அப்பத்தைச் சுற்றிய தாளோடு தின்றது.

“காத்து மாறிடுச்சு மச்சான்,” என்றார் ரதோய். “அதோட உங்க பூட்ஸ்ல கோழி வாடை. புள்ள குழம்புது.”

“அது குழம்பல மாப்ள. பசியாறுது.”

“நேத்து நீங்க பாத்திருக்கணும்!” வயலுக்கு முதுகைக் காட்டி நின்று, ஒரு கையை மடக்கித் தூக்கி, கழுத்தை நீட்டி, மூச்சை அடக்கி ரதோய் தாமே நாயாக நின்று காட்டினார். அவருக்குப் பின்னால், முள்வேலி ஓரத்தில், இஸ்க்ராவும் அச்சு அசல் அப்படியே நின்றது.

ஸ்தாமாத்தின் வாய் திறந்தது. மூடவில்லை.

“ஏங்க, திரும்பிப் பாருங்க!” என்றாள் வெலிகா.

“பேசிட்டிருக்கேன்ல!”

ஒரு நிமிஷம் முழுசாக நின்றது நாய். இரண்டு கௌதாரிகள் சடசடத்துப் பறந்தன. அப்போதும் அது பாயவில்லை. சத்தம் கேட்டு ரதோய் திரும்பியபோது காதைச் சொறிந்துகொண்டிருந்தது.

ஸ்தாமாத் தொப்பியைக் கழற்றினார். “என் ஆயுசுல இப்படி ஒரு நாய் நின்னு பாத்ததில்ல, மாப்ள.”

ரதோயின் முகம் வெளுத்தது. நாயைக் கட்டி அணைத்துக்கொண்டார். “ஓட்டிட்டுப் போகணும்னா போங்க மச்சான். இந்தக் குத்தல் மட்டும் வேணாம்.”

“சத்தியமா நின்னுச்சுய்யா!”

“யாரு பாத்தா?”

நாய் அவரிடமே தங்கிவிட்டது. ஸ்தாமாத் ஊரெல்லாம் அந்தக் காட்சியைச் சொல்லித் திரிகிறார். ரதோய் ஒருவர்தான் இன்றுவரை நம்பவில்லை.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். போன வாரம் வந்த விருந்தாளி முன்னால் உங்கள் குழந்தையை நிறுத்தி, “மாமாவுக்கு அந்தப் பாட்டப் பாடிக் காட்டு” என்றீர்களே. அது ஜன்னல் திரையைச் சப்பிக்கொண்டு நின்றபோது விருந்தாளியிடம் நீங்கள் என்ன சொன்னீர்கள்?